யுரேனியத்தைத் தாங்கும் வளையங்கள்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், யுரேனியத்தின் ஐசோடோப்புகளைப் பிரிப்பதற்கு எளிதில் ஆவியாகும் சேர்மம் தேவைப்பட்டது. அதற்காக எளிய ஆல்கைல் தொகுதிகளை யுரேனியத்துடன் பிணைக்க அமெரிக்க வேதியியலாளர்கள் முயன்றனர், முயற்சி கைகூடவில்லை. யுரேனியத்திற்கும் கார்பனுக்கும் நிலையான உறவு அமையாது என்ற ஐயம் நெடுங்காலம் நீடித்தது.

1951இல் ஃபெரோசீன் கண்டறியப்பட்டது. ஐந்து கார்பன் அணுக்களைக் கொண்ட இரு வளையங்கள், இரு ரொட்டித் துண்டுகளைப் போல, இரும்பை நடுவில் தாங்கி நிற்கும் அமைப்பு அது. ஆகவே இவ்வகைச் சேர்மங்கள் சாண்ட்விச் சேர்மங்கள் எனப் பெயர் பெற்றன. 1956இல் ரெய்னால்ட்ஸும் வில்கின்சனும் அதே வளையத்தை யுரேனியத்துடன் இணைத்தனர். ஆனால் கிடைத்த சேர்மத்தில் மூன்று வளையங்களும் ஒரு குளோரினும் இருந்தன. உருவில் பெரிய யுரேனிய அயனியை இரு சிறு வளையங்களால் மூட இயலவில்லை.

பெரிய அயனிக்குப் பெரிய வளையம் வேண்டும். எண்கார்பன் வளையமான சைக்ளோ ஆக்டாடெட்ராயீனை வில்ஸ்டேட்டர் 1911இலேயே தொகுத்திருந்தார். அதில் எட்டு பை எலக்ட்ரான்கள் உள்ளன. ஹக்கல் விதிக்கு அவ்வெண் பொருந்தாது. எனவே அது தட்டையாக இராமல் தொட்டி வடிவில் வளைந்திருக்கிறது. இரண்டு எலக்ட்ரான்களைப் பெற்றால் எண்ணிக்கை பத்தாகும். வளையம் தட்டையாகி அரோமேட்டிக் தன்மை அடையும். இந்த ஈரெதிர்மின் அயனியே யுரேனியத்திற்கு ஏற்ற ஈனியாயிற்று.

1968இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஸ்ட்ரைட்வீசரும் மியூலர்-வெஸ்டர்ஹாஃபும் அதைச் செய்து காட்டினர். டெட்ராஹைட்ரோஃபியூரான் கரைப்பானில் வளையச் சேர்மத்துடன் பொட்டாசியத்தை வினைப்படுத்தி அயனியை உருவாக்கினர். பின்னர் யுரேனியம் டெட்ராகுளோரைடைச் சேர்த்தனர். பொட்டாசியம் குளோரைடு பிரிய, பச்சை நிறப் படிகங்கள் கிடைத்தன. அதற்கு யுரேனோசீன் என்று பெயரிட்டனர். காற்று படாமல் செய்ய வேண்டிய வினை இது. காற்றில் யுரேனோசீன் தானாகவே தீப்பற்றும். வியப்பு என்னவெனில், நீரில் அது எளிதில் சிதைவதில்லை.

சால்கினும் ரேமண்டும் 1969இல் எக்ஸ்-கதிர் ஆய்வினால் இதன் அமைப்பை உறுதி செய்தனர். இரு வளையங்களும் தட்டையானவை, இணையானவை. ஒன்றின் கார்பன்களுக்கு நேர் எதிரே மற்றதன் கார்பன்கள் அமைகின்றன. யுரேனியத்திற்கும் ஒவ்வொரு கார்பனுக்கும் இடையே சராசரியாக 2.65 ஆங்ஸ்ட்ராம் தொலைவு; பதினாறு கார்பன்களும் பிணைப்பில் பங்கு கொள்கின்றன.

இப்பிணைப்பு வெறும் மின்சுமை ஈர்ப்பா, எலக்ட்ரான் பங்கீடும் உண்டா? வளையத்தின் நிரம்பிய உச்ச பை ஆர்பிட்டால்களில், அச்சின் வழியே செல்லும் இரு கணுத்தளங்கள் உண்டு. யுரேனியத்தின் சில எஃப் ஆர்பிட்டால்களிலும் அத்தகைய இரு கணுத்தளங்கள் இருப்பதால் அவை ஒன்றோடொன்று மேற்பொருந்துகின்றன. இரும்பில் இத்தகைய எஃப் ஆர்பிட்டால்கள் பிணைப்பிற்குக் கிடைப்பதில்லை. பிற்கால நிறமாலை ஆய்வுகளோ, யுரேனியத்தின் டி ஆர்பிட்டால்களுக்கும் பெரும்பங்கு உண்டு எனக் காட்டின. எஃப் எலக்ட்ரான் ஏதுமில்லாத தோரியம் அயனியும் இதே அமைப்பில் தோரோசீனைத் தருகிறது. அதன் நிறம் மஞ்சள்.