பக்கத்து வளையில் யார்?

மாணவர்களே, ஆயர் தாவாரில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நடந்தால் கொறிக்கப்பட்ட பழங்களைக் காணலாம். அது எலியின் வேலை. எலியும் அணிலும் கொறித்துண்ணிகள். இவற்றுள் பல, தமக்கென எல்லை வகுத்து, அந்நியரை விரட்டும். உறவினரையும் விரட்டுமா?

அமெரிக்காவின் கலிபோர்னியா மலைப் புல்வெளிகளில் பெல்டிங் தரை அணில்கள் வாழ்கின்றன. பால் ஷெர்மன் என்ற ஆய்வாளர் அவற்றுக்கு அடையாளமிட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார். ஆண் குட்டிகள் வளர்ந்ததும் பிறந்த இடத்தை விட்டுப் போய்விடும். பெண் குட்டிகளோ தாய்க்கு அருகிலேயே தங்கும். ஆகவே பெண் அணிலின் அண்டையில் தாய், மகள், சகோதரி எனச் சொந்தங்கள் இருக்கும். இவை தமக்குள் அதிகம் சண்டையிடுவதில்லை. குட்டிகளைக் கொல்ல வரும் அந்நிய அணில்களைச் சேர்ந்தே விரட்டும்.

தரைவழியே எதிரி வந்தால், அருகில் சொந்தம் உள்ள பெண் அணில் அடிக்கடி எச்சரிக்கை ஒலி எழுப்பும். ஒலி எழுப்பிய அணிலையே எதிரி துரத்தும் ஆபத்தும் அதிகம். ஷெர்மன் இதை 1977இல் வெளியிட்டார்.

உயிரைப் பணயம் வைப்பது ஏன்? தாயின் மரபணுக்களில் பாதி மகளிடம் உள்ளது. மகள் பிழைத்தால் அவையும் பிழைக்கும். 1964இல் வில்லியம் ஹாமில்டன் விளக்கிய இக்கருத்தே ‘உறவுத் தேர்வு’.

செய்து பாருங்கள்: பள்ளி மரத்து அணில்களைப் பத்து நிமிடம் தள்ளி நின்று கவனியுங்கள். எது எதைத் துரத்துகிறது? எவை சேர்ந்து உண்கின்றன? குறித்து வையுங்கள். எலிகளை மட்டும் தொடாதீர்கள். அவற்றின் சிறுநீர்வழி எலிக்காய்ச்சல் பரவும்.