லீவ் லெட்டரில் ‘காய்ச்சல்’ மட்டும் போதாது

1. வீட்டில் அம்மை போட்டால் வாசலில் வேப்பிலை செருகுகிறோம். தெருவுக்கே சேதி தெரிந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் லீவ் லெட்டரில் மட்டும் ‘காய்ச்சல்’ என்று எழுதி முடித்துவிடுகிறோம். கொப்புளமா, கன்ன வீக்கமா, வாந்திபேதியா, என்றைக்குத் தொடங்கியது என்று எழுதுங்கள். பிள்ளை கடைசியாகப் பள்ளிக்குப் போன தேதியையும் சேருங்கள்.

2. அந்தத் தேதி ஏன்? சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே தொற்றும். தட்டம்மை என்கிற மணல்வாரி, தடிப்பு வருவதற்கு 4 நாள் முன்பே தொற்றும். பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சின்னம்மை வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகலாம். எந்தப் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும் என்று ஆசிரியர் அந்தத் தேதியை வைத்துத்தான் முடிவு செய்வார்.

3. அம்மை என்று தெரிந்த அன்றே போன் செய்துவிடுங்கள். லெட்டர் மெதுவாகப் போகட்டும். வகுப்பாசிரியை கர்ப்பிணியாக இருக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் பிள்ளை அதே வகுப்பில் இருக்கலாம். தொற்று பட்டவுடன் டாக்டரிடம் போனால் இவர்களுக்குத் தடுப்பு சிகிச்சை கிடைக்க வழியுண்டு. நாள் தள்ளிப்போனால் பலன் குறையும்.

4. பரீட்சை நேரத்தில் காலையில் பாராசிட்டமால் கொடுத்து அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், தொற்றை நிறுத்தாது.

5. அங்கன்வாடி, கிரெஷ் பிள்ளைகளுக்கு உள்ளங்கை, பாதம், வாயில் கொப்புளம் வந்தால் (‘தக்காளிக் காய்ச்சல்’ என்பார்களே, அதுதான் பெரும்பாலும்) உடனே அங்குள்ள டீச்சரிடம் சொல்லுங்கள். பொம்மைகளைக் கழுவி வைப்பார். குணமான பிறகும் மலத்தில் கிருமி பல வாரம் வெளியேறும். ஜட்டி மாற்றியபின் சானிடைசர் போதாது, சோப்பு வேண்டும்.

6. ஒரே வகுப்பில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே அறிகுறி என்றால் தலைமையாசிரியரிடம் சொல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தகவல் போய்விட்டதா என்று கேளுங்கள். இழுத்தடித்தால் நீங்களே 104-க்குப் பேசலாம், அல்லது கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லலாம். மதிய சாப்பாட்டுக்குப் பின் பல பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும். மீந்த சாப்பாட்டைக் கொட்டிவிடக் கூடாது, சோதனைக்குத் தேவைப்படும்.

7. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பிள்ளையின் பெயர் வேண்டாம். ‘மூன்றாம் வகுப்பில் அம்மை’ என்றால் போதும். பெயர் அடிபடும் என்ற பயத்தில்தான் பாதிப்பேர் மறைக்கிறார்கள்.

8. தலைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று என்பதால் மட்டும் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். சின்னம்மையில் எல்லாக் கொப்புளமும் பக்குக் கட்டி உலர வேண்டும். தட்டம்மைக்குத் தடிப்பு வந்தபின் 4 நாள், பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கியபின் 5 நாள், வாந்திபேதிக்கு நின்றபின் 48 மணி நேரம்.

9. தடுப்பூசி அட்டையைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பள்ளியில் தட்டம்மை கண்டால் சுகாதாரத் துறையினர் முதலில் கேட்பது, 9 மாதம் முடிந்தபின்பும் 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போடும் எம்.ஆர். ஊசி விவரத்தைத்தான்.