சனிக்கிழமை சம்பளமும் மாதச் சந்தாவும்

திருப்பூரில் காசு சனிக்கிழமை சாயங்காலம்தான் கைக்கு வரும். பனியன் கம்பெனிகளில் பெரும்பாலும் வாரச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை கறி, மளிகை, சீட்டுப் பணம், வட்டி என்று போய்விட்டால், புதனுக்கு மேல் பலருடைய வங்கிக் கணக்கில் ஒன்றும் இருக்காது. சந்தா வாங்கிக்கொண்டு ஆன்லைனில் தையல் சொல்லித்தரும் எனக்கு இந்த ஊர் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

நான் ஓவர்லாக் டெய்லராக இருந்து, சாம்பிள் தையலுக்குப் போய், அங்கே கட்டிங் மாஸ்டரிடம் பேட்டர்ன் கற்றுக்கொண்டவள். என் வகுப்பில் காசு கட்டிச் சேர்ந்தவர்கள் இரண்டு வகை. கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாக வேலை பார்த்துக்கொண்டு, என்றைக்காவது மெஷினில் உட்கார நினைக்கும் பெண்கள் ஒரு வகை. வீட்டிலேயே மெஷின் போட்டு லெக்கின்ஸ், நைட்டி, குழந்தைகள் பனியன் தைத்துக் காதர்பேட்டைக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் இன்னொரு வகை. இருவருக்கும் சந்தா என்பது உழைத்த கூலியிலிருந்து எடுத்து வைக்கும் காசு. அதை மனதில் வைக்காமல் விலை வைத்தால் யாரும் தங்க மாட்டார்கள்.

யூடியூப் மெம்பர்ஷிப்பில் வருகிற வருமானத்தில் 30 சதவீதத்தை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். டெலிகிராம் குழுவாக நடத்தி யூபிஐயில் நேரடியாக வாங்கினால் கமிஷன் கிடையாது. ஆனால் ஒவ்வொருவரையும் நாமே கேட்க வேண்டும். ஆட்டோபே இருக்கிறதே என்பார்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே சந்தாதாரருக்குத் தகவல் போக வேண்டும். அந்த மெசேஜைப் பார்க்கும் நிமிஷத்தில்தான் பெரும்பாலோர் “இது வேணுமா?” என்று யோசிக்கிறார்கள். அது வியாழக்கிழமையாக இருந்து, கணக்கில் காசும் இல்லையென்றால், அவ்வளவுதான். அதனால் நான் மாதத்தின் மிக நல்ல வகுப்பை அந்த மெசேஜ் போவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை வைக்கிறேன். வாரச் சந்தாவும் உண்டு. “அக்கா, சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டுக் கட்டிக்கட்டுங்களா?” என்று கேட்பவர்களிடம் சரி என்றுதான் சொல்வேன். அப்படிக் கேட்டுவிட்டுக் கட்டாமல் போனவர்கள் மிகக் குறைவு.

இனி எதைக் காசுக்குக் கொடுப்பது, எதைச் சும்மா கொடுப்பது? செய்முறை வீடியோவைப் பூட்டி வைத்துப் பயனில்லை. பூட்டினாலும் யாராவது ஒருவர் ரெக்கார்ட் செய்து வேறு குழுவில் போட்டுவிடுவார். பனியன் கழுத்துக்கு ரிப் வைக்கும்போது, ரிப் துண்டு கழுத்துச் சுற்றளவைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருக்க வேண்டும், இழுத்துப் பிடித்து ஓவர்லாக் அடிக்க வேண்டும் என்று எவரும் பார்க்கும்படியே சொல்லிவிடுகிறேன். துணியின் ஜிஎஸ்எம்முக்கும் ரிப்பின் இழுவைக்கும் ஏற்ப அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். அது தப்பினால் கழுத்து அலை அலையாக நிற்கும், இல்லையென்றால் சுருங்கிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் கற்றுக்கொள்பவர் திணறுவார். தைத்த பீஸை உள்ளும் வெளியும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எங்கே இழுவை கூடியது, எந்த இடத்தில் தையல் விலகியது என்று குறித்துத் திருப்பி அனுப்புகிறேன். என் சந்தாவின் மதிப்பு முழுக்க இந்தத் திருத்தத்தில் இருக்கிறது. வீடியோவைத் திருடலாம், ஒருத்தி தைத்த பீஸைப் பார்த்து இன்னொருத்தி சொல்கிற பதிலைத் திருடி என்ன செய்வது?

பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவருக்கு ஆல்டரேஷன் என்று திரும்பி வரும் ஒவ்வொரு உருப்படியும் நஷ்டம். அது குறைந்தால் அடுத்த சனிக்கிழமை கவரில் தெரியும். அதைப் பார்த்தவரிடம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொல்லி நான் கேட்க வேண்டியதே இல்லை.

பெண்கள் ஆன்லைனில் சொல்லித்தரும் வேலைக்கு வரும்போது சொல்லியே ஆக வேண்டியது ஒன்று உண்டு. உள்ளாடை தைப்பது இந்த ஊரின் பெரிய தொழில். பிரா பேட்டர்ன் வகுப்பு தொடங்கியதும் புதிய சந்தாதாரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் தையலுக்காக வரவில்லை. “தனியா வீடியோ போடுங்க, மாசம் எவ்வளவு வேணா தர்றேன்” என்ற செய்திகள் வந்தன. டம்மியில் மட்டுமே பொருத்திக் காட்டுவது, அளவு எடுப்பதைக் காகிதத்தில் வரைந்து சொல்வது, குழுவில் சேரும் முன் தைத்த பீஸ் ஒன்றின் படத்தைக் கேட்பது என்று வைத்தேன். அவர்கள் தாமாகவே விலகினார்கள்.

அப்படித் தனி வீடியோ போட்டுச் சம்பாதிக்கும் வழியில் போன பெண்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. கடனும் தனிமையும் எப்படி நெருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சந்தாதாரர் போன மாதத்தைவிட இந்த மாதம் கூடுதலாகக் கேட்பார். தராவிட்டால் அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். படம் ஒருமுறை வெளியே கசிந்தால், லைன் வீட்டில் பக்கத்துக் கதவும் கம்பெனியில் பக்கத்து மெஷினும் அதைப் பார்க்கும். சட்டமும் பதிவிட்டவர் மேலேயே பாயலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67ஏ பிரிவின்படி, வெளிப்படையான பாலியல் காட்சியை ஆன்லைனில் வெளியிட்டால் முதல் தடவைக்கே 5 ஆண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். 2025 ஜூலையில் மத்திய அரசு ஆபாசக் காட்சிகளுக்காக உல்லு, ஏஎல்டிடி உட்பட 25 தளங்களை முடக்கியது. பெரிய நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், ஒற்றைப் பெண்ணுக்கு யார் துணை நிற்பார்கள்?

தளம் எதுவானாலும் நம்முடையது அல்ல. 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை வந்தபோது, ஷிப்ட் முடிந்து வீடியோ போட்டுக்கொண்டிருந்த எத்தனையோ பேருடைய ரசிகர் கூட்டம் ஒரே ராத்திரியில் இல்லாமல் போயிற்று. லண்டன் நிறுவனமான ஒன்லிஃபேன்ஸ் 2021 ஆகஸ்டில், தன்னை வளர்த்த பாலியல் காட்சிகளையே தடை செய்வதாக அறிவித்து, சில நாட்களில் பின்வாங்கியது. அங்கே சம்பாதித்தவர்கள் அந்த நாட்களை எப்படிக் கழித்திருப்பார்கள்! அதனால், சந்தாதாரரின் சம்மதத்தோடு பெயரும் போன் நம்பரும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் போதாது.

நெருக்கடி வரும் மாதங்களுக்கும் ஒரு வழி வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊர் காலியாகும், தென்மாவட்டத்துக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். அந்த இரு வாரங்களுக்கு நான் சந்தா கேட்பதில்லை. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது, 2024-25 நிதியாண்டில் 44 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்த ஊரில் ஆர்டர்கள் நின்றன. ஒன்றரை ஷிப்ட் பார்த்தவர்களுக்கு ஒரு ஷிப்டே கிடைக்கவில்லை. சந்தாவை நிறுத்தி வைக்கலாம், குழுவில் இருக்கலாம், பீஸ் அனுப்பினால் திருத்தித் தருவேன் என்று சொல்லிவிட்டேன். வருமானம் குறைந்தது உண்மை. ஏற்றுமதித் தையல் மட்டும் தெரிந்தவர்களுக்கு உள்ளூர் விற்பனைக்கான நைட் பேண்ட், டிராயர் பேட்டர்ன்களை அந்த மாதங்களில்தான் எடுத்தேன். கட்ட முடிந்தவர்கள் கட்டினார்கள். முடியாதவர்களில் பலர், கையில் வேலை வந்ததும் ஒரு சனிக்கிழமை ராத்திரி, நான் கேட்காமலேயே பழைய வாரங்களுக்கும் சேர்த்து அனுப்பினார்கள். பழைய வாரக் காசைத் திருப்பி அனுப்பிவிட்டு, அந்த வாரத்துக்கு மட்டும் வரவு வைத்துக்கொண்டேன்.