ஷிப்மென்ட் நேரத்தில் மூச்சு வாங்குகிறதா?

ஷிப்மென்ட் தேதி நெருங்கினால் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சிலருக்குத் திடீரென மூச்சு வாங்கும். விரல் நுனியும் உதடும் மரத்துப்போகும். ஆக்சிஜன் போதவில்லை என்று தோன்றும். பெரும்பாலும் நடப்பது வேறு: பதற்றத்தில் வேகவேகமாக மூச்சுவிட்டு, ரத்தத்தில் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடை அளவுக்கு மீறி வெளியேற்றிவிடுகிறோம்.

1. மிஷினை நிறுத்திவிட்டுத் தள்ளி உட்காருங்கள். தலைசுற்றலில் விரல் ஊசிக்கடியில் போய்விடும்.

2. "நல்லா இழுத்து விடு" என்று பக்கத்து டேபிள்காரர் சொன்னால் கேட்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு இன்னும் குறையும். மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கி மயக்கம் கூடும்.

3. மூக்கால் மெதுவாக 4 எண்ணும்வரை இழுங்கள். உதட்டைக் குவித்து 6 எண்ணும்வரை விடுங்கள். மூச்சின் வேகம் குறைந்தால் கார்பன் டை ஆக்சைடின் அளவு தானே சரியாகும்.

4. காகிதப் பைக்குள் மூச்சுவிடும் வைத்தியம் சினிமாவோடு நிற்கட்டும். வந்திருப்பது ஆஸ்துமாவோ மாரடைப்போ என்றால் அது உயிருக்கே ஆபத்து.

5. வார விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் நாளில் மட்டும் நெஞ்சு இறுகுகிறதா? இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் காட்டுங்கள். பதற்றமாக இல்லாமல் பஞ்சுத் தூசியின் வேலையாக இருக்கலாம். நூற்பாலைக்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

6. நெஞ்சுவலி, வீசிங், உதட்டில் நீலம் தெரிந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

7. படபடப்பு அடிக்கடி வந்தால் 14416-இல் பேசுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் இது. தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.