முக்கால் டேங்க் ரொப்பிட்டியா? மலாக்காவுக்கு வண்டி எடுக்குற தங்கச்சிக்கு

வண்டி வாங்கின கையோட பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு மலாக்கா போகணும்னு துடிக்கிற. தாராளமா போ. ஓட்டுறதை நினைச்சுப் பயப்படாதே. சிங்கப்பூர் மாதிரியே மலேசியாவிலயும் வண்டி போறது இடது பக்கம்தான், உன் சிங்கப்பூர் லைசென்ஸ் அங்கயும் செல்லும். ஜனங்க மாட்டிக்கிறது ரோட்டுல இல்லடி. சோதனைச்சாவடியிலயும் டோல்லயும் பெட்ரோல் ஸ்டேஷன்லயும்தான் மாட்டிக்கிறாங்க. அதுல முக்கால்வாசி வேலையை வீட்டுல உக்காந்தே முடிச்சிடலாம்.

முதல்ல விஇபி. வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள்ள வர்றதுக்கான அனுமதி அது. பல வருஷமா இதோ வருது, அதோ வருதுன்னு தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தாங்க. 2025 ஜூலை 1லேர்ந்து நிஜமாவே பிடிக்கிறாங்க. கண்ணாடியில ஒட்டுற விஇபி டேக் இல்லாம ஓட்டினா 300 ரிங்கிட் அபராதம், அதைக் கட்டாம மலேசியாவை விட்டு வெளிய வர முடியாது. பதிவுக் கட்டணம் வெறும் 10 ரிங்கிட்தான், டேக் 5 வருஷம் செல்லும். ஆனா பதிவு பண்ணின அன்னைக்கே கையில கிடைக்காது, அதனால டிரிப் தேதி முடிவாகுறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடு. டேக் வந்ததும் கண்ணாடியை நல்லாத் துடைச்சு, எங்க ஒட்டணும்னு முடிவு பண்ணிட்டு ஒரே தடவையில ஒட்டு. உரிச்சு இன்னொரு இடத்துல ஒட்டினா வேலை செய்யாது. ஒட்டினதும் வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதே, அதை ஆக்டிவேட் பண்ணணும். நிறைய பேர் கோட்டை விடுறது இந்தக் கடைசிப் படியிலதான்.

அடுத்தது டச் என் கோ கார்டு. ஒவ்வொரு தடவை உள்ள நுழையும்போதும் 20 ரிங்கிட் ரோடு சார்ஜ் இதுலதான் எடுப்பாங்க. டோலும் இதுலதான், காசை நீட்டினா வாங்க மாட்டாங்க. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில ஏறுற இடத்துல ஒரு தடவை, இறங்குற இடத்துல ஒரு தடவை தட்டணும். தூரத்துக்கு ஏத்த மாதிரி காசு போகும். ஏறும்போது எந்தக் கார்டைத் தட்டினியோ அதையேதான் இறங்கும்போதும் தட்டணும். மாப்பிள்ளை பர்ஸ்ல ஒண்ணு, உன் ஹேண்ட்பேக்ல ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டு மாத்தித் தட்டினீங்கன்னா, பின்னாடி பத்து வண்டி ஹாரன் அடிக்கும். விஇபி டேக்கை டச் என் கோ வாலெட்டோட இணைச்சா ஆர்எஃப்ஐடி லேன்ல நிக்காமப் போகலாம்தான். இருந்தாலும் காசு போட்ட கார்டு ஒண்ணு கையில இருக்கட்டும். போன்ல தட்டியே ரொப்புற புதுக் கார்டா பாத்து வாங்கு, கடை தேடி அலைய வேண்டாம்.

இப்போ டேங்க். இது மலேசியாக்காரன் போட்ட விதின்னு பல பேர் நினைக்கிறாங்க, இல்ல. சிங்கப்பூர் போட்டது. அங்க பெட்ரோல் மலிவு, இங்க வரியோட சேர்த்து விலை அதிகம். காலி டேங்கோட போய் ரொப்பிக்கிட்டு வந்தா இங்க வரி வருமானம் போயிடுமே! 1989ல அரை டேங்க் இருக்கணும்னாங்க, 1991ல முக்கால் ஆக்கிட்டாங்க. சிங்கப்பூர்ல பதிவான வண்டி வெளிய போகும்போது முள் முக்காலுக்குக் கீழ இருந்தா 500 வெள்ளி வரைக்கும் அபராதம் போடலாம், திருப்பியும் அனுப்பிடுவாங்க. வரிசையில மணிக்கணக்கா ஏசி போட்டுக்கிட்டு நின்னா முள் இறங்கும். அதனால முக்காலைத் தொட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி கிளம்பாதே, முழுசா ரொப்பிடு. மின்சார வண்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அந்தப் பக்கம் பெட்ரோல் போடுறப்போ மஞ்சள் குழாயைத் தொடாதே. அது ரான் 95, மானிய விலை. வெளிநாட்டு வண்டிக்கு 2010லேர்ந்தே தடை. நமக்கு ரான் 97. பக்கத்துல நிக்கிறவங்க யாராவது போன்ல படம் எடுத்துப் போட்டா மானம் கப்பல் ஏறிடும், அபராதத்தை விட அதுதான் பெருசு.

கடவுச்சீட்டு எல்லாருக்கும் இன்னும் 6 மாசமாவது செல்லணும். மாப்பிள்ளை இந்தியக் கடவுச்சீட்டுதானே, அவருக்கு மலேசிய வருகை அட்டை வேணும். மலேசியக் குடிநுழைவுத் துறையோட தளத்துல, போய்ச் சேர்றதுக்கு முந்தின மூணு நாளைக்குள்ள ரொப்பணும். அதுக்குக் காசு கிடையாது, காசு கேக்குற தளம் எதுவோ அது போலி. நீ நிரந்தரவாசின்னா மறுநுழைவு அனுமதி காலாவதி ஆகலையான்னு பாரு. இன்னொண்ணு, திருச்சியிலேர்ந்து வந்திருக்குற அம்மாவையும் கூட்டிட்டுப் போறதா இருந்தா அவங்க சிங்கப்பூர் விசா பல தடவை நுழையக்கூடியதான்னு முதல்ல பாத்துடு. ஒரு தடவை விசான்னா மலாக்கா போய்ட்டு அம்மாவால உன் வீட்டுக்குத் திரும்ப முடியாது. விசா சரியா இருந்தாலும் திரும்பி வரும்போது அவங்களுக்கு சிங்கப்பூர் வருகை அட்டையை மறுபடியும் ரொப்பணும்.

சிங்கப்பூர் சோதனைச்சாவடியில கடவுச்சீட்டை நீட்டுறதுக்குப் பதிலா மைஐசிஏ செயலியில குடும்பத்துக்கே ஒரே க்யூஆர் கோடு போட்டுக்கலாம். முந்தின ராத்திரியே எடுத்து ஸ்கிரீன்ஷாட் வெச்சுக்கோ. அதுக்காகக் கடவுச்சீட்டை வீட்டுல விட்டுட்டுப் போகாதே, அந்தப் பக்கம் வேணும். கவுண்டர் பக்கம் வந்ததும் எல்லாக் கண்ணாடியையும் இறக்கு, சன் ஷேடை எடுத்துடு. பின் சீட்டுல தூங்குற சின்னவன் முகம் அதிகாரிக்குத் தெரியணும். போர்வையைப் போத்தி விட்டிருந்தா விலக்கு.

இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஒரு போன் போடு. சிங்கப்பூர் பாலிசி பெரும்பாலும் மேற்கு மலேசியாவையும், எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்லாந்துல 80 கிலோமீட்டரையும் சேர்த்துத்தான் இருக்கும். ஆனா வண்டி நடுவழியில நின்னா இழுத்து வர்ற செலவு யாரோடது, மாப்பிள்ளை ஓட்டினா நாம கையிலேர்ந்து கட்ட வேண்டிய எக்சஸ் எவ்வளவு, இதை நீ கேட்டாத்தான் சொல்லுவாங்க. விபத்து ஆச்சுன்னா அங்கயே 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் கொடுத்திடணும், இங்க இன்சூரன்ஸுக்கும் சொல்லணும். கேக்காமலே வந்து நிக்கிற இழுவை லாரிக்காரன் கையில சாவியைக் கொடுத்திடாதே.

வண்டி சர்வீஸைக் கிளம்புறதுக்கு முந்தின நாள் பண்ணாதே. ரெண்டு வாரம் முன்னாடியே பண்ணிட்டு ஊருக்குள்ள ஓட்டிப் பாரு, ஏதாவது லூசா விட்டிருந்தா இங்கயே தெரிஞ்சிடும். டயர்ல காத்து எவ்வளவுன்னு டிரைவர் கதவோரம் ஸ்டிக்கர்ல இருக்கும், ஆள் ஏத்தினா எவ்வளவுன்னு தனியாப் போட்டிருப்பாங்க. டிக்கியைத் திறந்து அதோட தரையைத் தூக்கிப் பாரு. புது வண்டி பலதுல ஸ்டெப்னியே கிடையாது, ஒட்டுற பசையும் சின்ன பம்ப்பும்தான் இருக்கும். அது தெரியாம இருட்டுல போய் டயரைத் தேடக் கூடாது.

நேரம் முக்கியம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பவே கிளம்பாதே. முன்ன ஜொகூர்ல வெள்ளி, சனி லீவு. 2025 ஜனவரியிலேர்ந்து அங்கயும் சனி, ஞாயிறு ஆயிடுச்சு, இப்போ ரெண்டு பக்கமும் ஒரே நாள்ல ஊர் சுத்துது. வாரநாள் காலையில போனா, வேலைக்கு வர்ற கூட்டம் எதிர்த் திசையில இருக்கும். நீ ஜூரோங் பக்கம்தானே, துவாஸ் வழியாப் போ. டோல் கொஞ்சம் கூட, ஆனா பெரும்பாலும் வரிசை குறைவு, செனாய் பக்கம் நேரா நெடுஞ்சாலையைப் பிடிச்சிடலாம். எந்த வழியா இருந்தாலும் வீட்டுலயே எல்லாரையும் பாத்ரூம் அனுப்பிட்டுக் கிளம்பு. பாலத்து மேல மாட்டிக்கிட்டா இறங்க வழி கிடையாது.

நெடுஞ்சாலையில உச்ச வேகம் 110, சில இடத்துல 90. வலது லேன் முந்துறதுக்கு மட்டும், முந்திட்டு இடது பக்கம் வந்துடு. பின்னாடி ஒருத்தன் லைட்டைச் சிமிட்டினா சண்டைக்குப் போகாம வழி விடு. அவசர லேன்ல மோட்டார் சைக்கிள் சீறிக்கிட்டு வரும், சட்டுனு ஒதுக்காதே. பின் சீட்டுக்கும் பெல்ட் கட்டாயம், சின்னவனுக்கு சைல்ட் சீட். சாயங்கால மழை கொட்டுறப்போ ஹசார்ட் லைட்டைப் போட்டுக்கிட்டு ஓட்டுறவங்களைப் பாத்து நீயும் போடாதே. வேகத்தைக் குறை, இல்லேன்னா மாச்சாப்லயோ பாகோலயோ ஓய்விடத்துல ஒதுங்கி ஒரு தே தாரிக் குடி.

மலாக்காவுக்கு ஆயர் கெரோல இறங்கணும். 'கெலுவார்'னா வெளியேறும் வழி, 'செஹாலா'னா ஒருவழி. பழைய ஊருக்குள்ள இந்த செஹாலா நிறைய. பொய்யாத விநாயகர் கோயில் தெருவுக்குள்ள வண்டியை நுழைச்சுக்கிட்டு இடம் தேடாதே. 1781ல கட்டின கோயில், உன் எஸ்யூவியை நினைச்சா தெரு போட்டிருப்பாங்க? தள்ளி நிறுத்திட்டு நடந்து போங்க. இறங்கும்போது சீட்டு மேல பை, போன் எதுவும் கிடக்கக் கூடாது. கண்ணாடியை உடைக்கிறதுக்கு ஒரு காலிப் பையே போதும்.

திரும்பும்போது மலேசியாவிலேர்ந்து வர்ற யாருக்கும் மதுபானத்துக்கு வரிவிலக்கு கிடையாது, சிகரெட்டுக்கும் கிடையாது. மத்த பொருளுக்கு ஜிஎஸ்டி விலக்கு 48 மணி நேரத்துக்குள்ள வந்தா 100 வெள்ளி, அதுக்கு மேலன்னா 500. மாப்பிள்ளைக்கு எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கிறதால அந்த விலக்கும் இல்ல. வேப் இங்க பெரிய குற்றம், யாராவது 'கொண்டு போய்க் கொடுத்துடு'ன்னு பொட்டலம் நீட்டினா தொடாதே. வந்து ஒரு வாரம் கழிச்சு சம்மன் ஏதும் விழுந்திருக்கான்னு ஆன்லைன்ல பாரு. போலீஸ் போடுறது வேற, சாலைப் போக்குவரத்துத் துறை ஜேபிஜே போடுறது வேற, ரெண்டையும் பாக்கணும்.