சல்லடைச் சோதனையும் நோய் நிர்ணயமும்: வாய்நலம், மனநலம் பற்றிய ஒரு பாடம்

நோய் முற்றிய பின் அதனைக் கண்டுகொள்ளுதல் எவர்க்கும் எளிது. நோயாளி தாமே உணராத தொடக்க நிலையில் கண்டுகொள்ளுதலே அரிது. வாய்ப் புற்றுநோயும் மனச்சோர்வு நோயும் இவ்வகையில் ஒரே தன்மையுடையன. முன்னது பெரும்பாலும் வலியில்லாத ஒரு திட்டாகத் தொடங்குகிறது. பின்னது தலைவலி, தூக்கமின்மை, பசியின்மை என வேறு பெயர்களால் வெளிப்படுகிறது. இவ்விரண்டையும் மருத்துவருக்கு முன்னதாகக் காணும் வாய்ப்பு, வீடு வீடாகச் செல்லும் களப்பணியாளருக்கும், ஊர் மக்களோடு நாள்தோறும் பழகும் ஆசிரியருக்குமே உண்டு. அவர்கள் கையாளத்தக்க சோதனை முறைகள் யாவை, அவற்றின் எல்லை எதுவரை என்பதனை இப்பாடத்தில் ஆராய்வோம்.

திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த வெள்ளறடையையும், பாறசாலை வரையுள்ள எல்லைச் சிற்றூர்களையும் மனத்திற்கொண்டு இது எழுதப்படுகிறது. 1956 நவம்பர் 1 முதல் இவ்வூர்களுக்கு அருகே மாநில எல்லை அமைந்தது. எனினும் உறவும், சந்தையும், பேச்சும் எல்லைக்கு இருபுறமும் கலந்தே உள்ளன. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் முறுக்கான் பழக்கமும் இருபுறத்தார்க்கும் பொது.

1. மூன்று சொற்கள்

நெல்லைச் சலிப்பவர் சல்லடையில் நின்றதெல்லாம் கல் என்று கொள்வதில்லை. நின்றதை மீண்டும் கையில் எடுத்துப் பார்ப்பர். அதுபோல, நலமாய் இருப்பதாகத் தோன்றும் பலருள் நோய் இருக்கக்கூடிய சிலரை எளிய முறையால் பிரித்தெடுப்பது சல்லடைச் சோதனை எனப்படும். பிரித்தெடுக்கப்பட்டவருக்கு நோய் உண்டா இல்லையா என்று மருத்துவர் முடிவு செய்வது நோய் நிர்ணயம். நோயின் அளவையும், அதனால் வாழ்க்கையில் விளைந்த இடர்ப்பாட்டையும் அளந்து குறிப்பது மதிப்பீடு.

மதிப்பீடு தனி மனிதர்க்கும் உண்டு, ஊருக்கும் உண்டு. பள்ளி மாணவர்களின் சொத்தைப் பற்கள், சொத்தையால் இழந்த பற்கள், அடைக்கப்பட்ட பற்கள் ஆகியவற்றை எண்ணிக் கூட்டும் முறை 1930-களிலிருந்து வழங்கி வருகிறது. உலக சுகாதார நிறுவனம் 12 வயதுச் சிறுவர்களின் எண்ணிக்கையை நாட்டுக்கு நாடு ஒப்பிடுகிறது. இக்கணக்கு ஓர் ஊரின் பல்நலத்தைக் காட்டும். ஆனால் எந்தச் சிறுவனுக்கு இன்று சிகிச்சை வேண்டும் என்பதற்கு அவன் வாயைத்தான் பார்க்க வேண்டும். இவ்வேறுபாட்டை ஆசிரியர்கள் நினைவிற் கொள்க.

2. திருவனந்தபுரத்தில் நடந்த ஆய்வு

வாயைக் கண்ணால் பார்க்கும் எளிய சோதனை உயிரைக் காக்குமா? இவ்வினாவுக்கு விடை காணும் பெரிய ஆய்வு திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே நடைபெற்றது. திருவனந்தபுரம் வட்டாரப் புற்றுநோய் மையமும், பிரான்சு நாட்டு லியோன் நகரிலுள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையமும் இணைந்து 1996-ல் இதனைத் தொடங்கின. 13 பஞ்சாயத்துக்கள் தெரிந்தெடுக்கப்பட்டன. 7-ல் 35 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடுதோறும் சென்று சோதித்தனர். ஏனைய 6-ல் வழக்கமான மருத்துவ வசதி மட்டுமே இருந்தது. முடிவுகளை ஆர். சங்கரநாராயணனும் உடனாய்வாளரும் 2005-ல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர்.

சோதனைப் பகுதியில் 96,517 பேர் இருந்தனர். அவர்களுள் 87,655 பேர் ஒரு முறையேனும் சோதிக்கப்பட்டனர். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உடையவர்களிடையே, வாய்ப் புற்றுநோயால் நேரும் மரணம் ஒப்பீட்டுப் பகுதியைவிட நூற்றுக்கு 34 பங்கு குறைந்திருந்தது. பழக்கமுள்ளோரையும் இல்லாதோரையும் சேர்த்து நோக்கியபோது காணப்பட்ட குறைவு, தற்செயலானது அன்று என உறுதியாகக் கூறத்தக்க அளவில் இல்லை. எனவே எவரை முதலிற் சோதிக்க வேண்டும் என்பது விளங்குகிறது: மெல்லுவோர், புகைப்போர், குடிப்போர்.

பணியாளரின் கண் நம்பத்தக்கதா என்பதும் முன்னரே ஆராயப்பட்டிருந்தது. மூன்று பணியாளர்கள் 2,069 பேரின் வாயைப் பார்த்த ஆய்வு ஒன்று 1997-ல் வெளியாயிற்று. அதில் அவர்கள் கண்டவை மருத்துவர் கண்டவற்றோடு பெரிதும் ஒத்திருந்தன. மாறுதல் உள்ளவர்களுள் நூற்றுக்குச் சுமார் 94 பேரை அவர்கள் சரியாகப் பிடித்தனர். மாறுதல் இல்லாதவர்களுள் சுமார் 99 பேரைச் சரியாக விலக்கினர். முன்னதைப் பிடிக்கும் திறன் என்றும், பின்னதை விலக்கும் திறன் என்றும் இங்கு அழைப்போம்.

இனி இந்த ஆய்வில் நாம் நின்று நோக்க வேண்டிய எண் ஒன்று உண்டு. ஐயத்துக்குரிய மாறுதல் உள்ளவர்கள் என்று பணியாளர்கள் குறித்தவர் 5,145 பேர். அவர்களுள் மருத்துவரிடம் சென்று காட்டியவர் 3,218 பேர் மட்டுமே. 1,927 பேர் செல்லவில்லை. அவர்கள் சோதிக்கப்பட்டவர்களே, குறிக்கப்பட்டவர்களே, எனினும் சோதனையின் பயன் அவர்களை அடையவில்லை. சல்லடை எவ்வளவு நேர்த்தியாயினும், நின்றதை எடுத்துப் பார்க்காவிடில் சலித்தது வீண்.

3. வாயைப் பார்க்கும் முறை

வேண்டிய கருவிகள் சிலவே: நல்ல வெளிச்சம் அல்லது கைவிளக்கு, கையுறை, வாய்க் கண்ணாடி அல்லது மரத்தகடு. சோதிக்கப்படுபவரை வெளிச்சத்தை நோக்கி அமர்த்துக. பொய்ப்பல் கட்டியிருந்தால் கழற்றச் சொல்லுக. வாயிலுள்ள வெற்றிலையைத் துப்பி, நீரால் கொப்பளிக்கச் செய்க. பின்னர் ஒழுங்கு தவறாமல் பார்த்து வருக: உதடுகள், உதட்டின் உட்புறம், வலக் கன்னம், இடக் கன்னம், ஈறுகள், அண்ணம், நாவின் மேற்புறம், நாவின் இரு பக்கங்கள், நாவின் அடி, வாயின் தரை. இறுதியில் கழுத்தைத் தொட்டுக் கட்டி உண்டா என்று அறிக. முறுக்கானை அடக்கி வைக்கும் பக்கத்துக் கன்னத்தை மிகக் கவனிக்க.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்றேனும் இருப்பின் அவரை மருத்துவரிடம் அனுப்புக:

(அ) துடைத்தால் நீங்காத வெண்படலம்.
(ஆ) செம்படலம், அல்லது வெண்மையும் செம்மையும் கலந்த திட்டு. இது வெண்படலத்தினும் மிகுதியாக அஞ்சத்தக்கது.
(இ) 2 வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தடிப்பு, வளர்ச்சி.
(ஈ) வாய் திறக்க இயலாமை, கன்னத்தின் உட்புறம் வெளிறி இறுகுதல், காரம் பட்டால் எரிதல்.
(உ) காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் கட்டி, குரலில் மாறுதல்.

புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கு தீங்கற்றது என்ற எண்ணம் மக்களிடையே பரவியுள்ளது. பாக்கே புற்றுநோய் விளைவிப்பது என்று மேற்கூறிய பன்னாட்டு நிலையம் 2004-ல் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. இதனை வகுப்பறையிலும் எடுத்துரைத்தல் வேண்டும்.

4. மனத்தை வினவும் முறை

மனத்தைக் கைவிளக்கால் பார்க்க இயலாது. வினாக்களால்தான் அறிய வேண்டும். மனநோய் உள்ளவர் பலரும் உடல் நோய் என்றே சொல்லி வருவர். உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் இந்தியா, கொலம்பியா, சூடான், பிலிப்பைன்ஸ் ஆகிய நாடுகளில் நடந்து 1980-ல் வெளியான ஆய்வில், ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த 1,624 பேருள் 225 பேருக்கு மனநலக் குறை இருந்தது. அங்கிருந்த சுகாதாரப் பணியாளர்கள் அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரையே அடையாளம் கண்டனர். கேளாததால் தவறிப்போனவர்களே மிகுதி.

இக்குறையை நீக்கவே வினாப் பட்டியல்கள் அமைக்கப்பட்டன. அந்த ஆய்வில் பயன்பட்ட பட்டியலிலிருந்து வந்த 20 வினாக்கள், ஆம் அல்லது இல்லை என்ற விடையோடு இன்றும் வழங்குகின்றன. அதனினும் சிறியது பி.எச்.கியூ.-2 எனப்படும் இரு வினாப் பட்டியல். கடந்த 2 வாரங்களில் செயல்களில் நாட்டமோ மகிழ்ச்சியோ குறைந்திருந்ததா என்பது முதல் வினா. மனம் சோர்ந்து நம்பிக்கை இழந்த நிலை இருந்ததா என்பது இரண்டாம் வினா. இல்லை என்பதற்கு 0, சில நாட்கள் என்பதற்கு 1, பாதி நாட்களுக்கு மேல் என்பதற்கு 2, ஏறக்குறைய ஒவ்வொரு நாளும் என்பதற்கு 3 எனக் குறித்துக் கூட்டுவர். 3 அல்லது அதற்கு மேல் ஆயின் விரிவான வினாக்களுக்கும் மருத்துவரின் ஆய்வுக்கும் உரியவர் எனக் கொள்வர்.

30 வயது நிறைந்தோருக்காக ஆஷா பணியாளர்கள் நிரப்பும் சமுதாய மதிப்பீட்டுப் பட்டியலின் திருத்திய வடிவில், வாய்ப்புண் பற்றிய வினாக்களோடு இவ்விரு வினாக்களும் இடம்பெற்றுள்ளன. ஆக, வாயும் மனமும் ஒரே தாளில் வந்துவிட்டன.

வினவுவோர் சில நெறிகளைக் காக்க வேண்டும். பிறர் கேளாத இடத்தில் வினவுக. எழுதியபடியே வினவுக, விடையை எடுத்துக் கொடுக்கற்க. எல்லையூரில் தமிழும் மலையாளமும் கலந்து பேசுவோரிடம், எம்மொழியில் துயரத்தைச் சொல்லுவாரோ அம்மொழிப் படிவத்தையே கொள்க. ஒரு மொழியில் சரிபார்க்கப்பட்ட வினாவை அவ்விடத்திலேயே தாமாக மொழிபெயர்த்தால், மதிப்பெண்ணின் பொருளே மாறிவிடக்கூடும். பெரியோருக்கான படிவத்தைக் குழந்தைகளிடம் பயன்படுத்தலாகாது. ஆசிரியர் தம் மாணவரிடம் கண்ட மாறுதலைக் குறித்துக்கொண்டு பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்லுவதே போதும். நோயின் பெயரைச் சூட்டுதல் அவர் வேலையன்று.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வெளிப்பட்டால் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டிராமல் அவரைத் தனியே விடாது, அன்றே மருத்துவ உதவிக்கு வழி செய்க. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் மத்திய அரசுத் தொலைபேசி உதவியை 14416 என்ற எண்ணில் பெறலாம்.

5. ஒரு கணக்கு

1,000 பேரில் 20 பேருக்கு வாயில் மாறுதல் உண்டு எனக் கொள்வோம். பிடிக்கும் திறன் 94, விலக்கும் திறன் 99 ஆயின், 20 பேரில் 19 பேர் பிடிபடுவர். நலமுள்ள 980 பேரில் சுமார் 10 பேரும் தவறாகப் பிடிபடுவர். ஆகக் குறிக்கப்பட்ட 29 பேரில் 19 பேருக்கே மாறுதல் உண்மை.

மனநல வினாக்களின் இரு திறன்களும் 80 எனவும், 1,000 பேரில் 100 பேருக்கு நோய் உண்டு எனவும் கொள்வோம். 80 பேர் சரியாகவும், நலமுள்ள 900 பேரில் 180 பேர் தவறாகவும் பிடிபடுவர். குறிக்கப்பட்ட 260 பேரில் மூன்றில் ஒரு பங்கினும் குறைவானவர்க்கே நோய் உண்டு. அன்றியும், 20 நோயாளிகள் தப்பிவிடுவர்.

எண்கள் எடுத்துக்காட்டுக்காகக் கொண்டவை. அவை தரும் பாடம் பொதுவானது. குறிக்கப்பட்டவரை நோயாளி என்று அழைத்தல் தவறு. மனநோய் என்ற பேச்சு ஊரில் எழுந்தால், திருமணமும் வேலையும் தடைப்படக்கூடும். அவ்வாறே, குறிக்கப்படாதவரிடம் உமக்கு நோயே இல்லை என்று உறுதி கூறுதலும் தவறு.

6. குறித்த பின் செய்ய வேண்டியவை

மக்கள் மருத்துவரிடம் செல்லாமைக்குக் காரணங்கள் உண்டு. வலி இல்லை, ஒரு நாள் கூலி போகும், புற்றுநோய் என்று சொல்லிவிடுவரோ என்னும் அச்சம், மனநல மருத்துவரிடம் செல்வதில் நாணம். இவற்றை அறிந்து பணியாளர் பேச வேண்டும். “உங்களுக்குப் புற்றுநோய்” என்று சொல்லாமல், “இந்தத் திட்டை மருத்துவர் ஒரு முறை பார்த்துவிடட்டும், இப்போது பார்த்தால் எளிதில் தீரும்” என்று சொல்லுதல் நன்று.

எங்கே, எந்நாளில், யாரிடம் செல்ல வேண்டும் என்பதைச் சீட்டில் தெளிவாக எழுதித் தருக. எல்லையூரில் ஒருவர் நெய்யாற்றின்கரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ செல்வார். மற்றொருவர் நாகர்கோவில் பக்கம் செல்வார். அவர் உண்மையில் செல்லக்கூடிய இடத்தைக் கேட்டறிந்து அதனையே எழுதுக. குறித்தவர் பெயரைத் தனி ஏட்டில் பதிந்து, 2 வாரங்களில் மீண்டும் சென்று, சென்றாரா என வினவுக. செல்லாதவர் வீட்டுக்கு மூன்றாம் முறையும் செல்லுக. ஏட்டைப் பிறர் கண்ணிற் படாது காத்தல் கடமை.

களப்பணியாளரின் மாத அறிக்கையில் எத்தனை பேர் சோதிக்கப்பட்டனர் என்ற எண் முதலில் நிற்கிறது. அதனருகே, குறிக்கப்பட்டவருள் எத்தனை பேர் மருத்துவரை அடைந்தனர் என்ற எண்ணையும் எழுதி வருதல் வேண்டும். பணியின் பயனை அளக்கும் கோல் இரண்டாவது எண்ணே.

பயிற்சி வினாக்கள்

1. சல்லடைச் சோதனை, நோய் நிர்ணயம், மதிப்பீடு ஆகியவற்றின் வேறுபாடு யாது?
2. 500 பேர் உள்ள ஓர் ஊரில் 10 பேருக்கு வாயில் மாறுதல் உண்டு. பிடிக்கும் திறன் 90, விலக்கும் திறன் 95 ஆயின், தவறாகக் குறிக்கப்படுவோர் எத்தனை பேர்? தப்பிவிடுவோர் எத்தனை பேர்?
3. உம் பகுதியில் குறிக்கப்பட்டும் மருத்துவரிடம் செல்லாதவர்களின் காரணங்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி கூறுக.