அமெரிக்க நாட்டிற் பூங்காக் கல்வி பயிலப் புகுவார்க்கு

பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா ஆகிய மூன்றன் நிர்வாகத்தையும் ஒரு தனிக் கல்வியாகக் கொண்டு, முதுகலைப் பட்டமும் அதற்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் பட்டமும் வழங்கும் துறைகள் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் உள்ளன. அங்ஙனம் ஒரு கல்வி உண்டென்பதை நம் கல்லூரி மாணவருட் பலர் அறியார். ஈராண்டுகட்கு முன் யாமும் அறிந்திலோம். அறிந்தபின் அதனைப் பயில விரும்புகின்றோம் என்று வீட்டிற் சொன்னபோது, எம் மாமா ஒருவர், "புல் வெட்டவும் ஊஞ்சல் ஆட்டவுமா கடல் கடந்து போகிறாய்?" என்று கேட்டார். அன்று அவர்க்கு விடை சொல்ல எமக்கு இயலவில்லை. இக்கட்டுரை அவர்க்கும், எம்மைப் போல் விண்ணப்பிக்க எண்ணும் தோழர்க்கும் எழுதப்படுவது. யாம் இன்னும் விண்ணப்பித்தோம் அல்லோம்; ஆயத்தம் செய்வோர் நிலையில் நின்றே பேசுகின்றோம் என்பதை முதற்கண் சொல்லிவிடுதல் முறை.

இக்கல்வியின் வேர் ஒரு சட்டத்தில் உள்ளது. 1872-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், இருபது இலட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட பரப்புடைய யெல்லோஸ்டோன் என்னும் மலைநாடு, மக்கள் அனைவர்க்கும் உரிய தேசியப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. ஒதுக்கியது எளிது; நடத்துவதற்கு ஆளும் இல்லை, முறையும் இல்லை. 1886 முதல் 1918 வரை படைவீரரே அதனைக் காவல் புரிந்தனர். 1916-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள் நிறைவேறிய சட்டம், தேசியப் பூங்காப் பணித்துறையை நிறுவி, அதற்கு இரண்டு கடமைகளை ஒருசேர விதித்தது. இயற்கைக் காட்சிகளையும் வனவிலங்குகளையும் காத்தல் ஒன்று. மக்கள் அவற்றைக் கண்டு மகிழச் செய்தல் மற்றொன்று. அம்மகிழ்ச்சியும் பின்வருவோர்க்கு அவை குறைவுபடாமல் எஞ்சும் வகையில் அமைதல் வேண்டும். காத்தலும் துய்த்தலும் தம்முள் மாறுகொள்ளுமிடத்து எது முந்துவது? சட்டம் இதனைத் தீர்த்துரைக்கவில்லை. இவ்வொரு வினாவினின்றே ஒரு கல்வித்துறை கிளைத்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அப்பணித்துறையின் முதல் தலைவர் ஸ்டீபன் மேத்தர் என்பவர் போராக்ஸ் வாணிகத்திற் பொருள் ஈட்டியவர். பூங்காவுக்காகத் தம் கைப்பணத்தையும் செலவிட்டவர். மக்கள் திரளாக வந்து கண்டாலன்றிப் பூங்காக்களைப் பேணுதற்கு அரசினர் பணம் ஒதுக்கார் என்பது அவர் கருத்து. ஆகவே சாலைகளையும் விடுதிகளையும் பெருக்கினார். மக்கள் வந்தனர், வந்தவர்கட்கு வேடிக்கையும் வேண்டியிருந்தது. யோசமிட்டிப் பள்ளத்தாக்கிற் கோடை இரவுகளில் ஒன்பது மணிக்கு, கிளேசியர் பாயிண்ட் என்னும் உச்சியினின்று, மரப்பட்டைகளை எரித்த தணலைப் பாறைமேல் தள்ளிவிடுவர். அது நெருப்பருவி போல இறங்கும். கீழே கூட்டம் புல்வெளியை மிதித்துக்கொண்டு நின்று ஆரவாரிக்கும். அதனைக் கண்டோர் தம் பேரப்பிள்ளைகட்கும் சொல்லி மகிழ்ந்தனர் என்பர். ஆயினும் பணித்துறையினர் 1968-ஆம் ஆண்டு சனவரியோடு அதனை நிறுத்திவிட்டனர். மலைக்கு உரியதன்று அக்காட்சி. அதனைக் காண வந்த கூட்டமோ மலைக்கு உரியதைச் சிதைத்தது. நிறுத்தியது சரியே என்பது எம் துணிபு. எனினும் அன்று அங்கே நின்றிருப்பின் யாமும் கைதட்டியிருப்போம்.

எத்தனை பேர் வரலாம் என்பது அடுத்த வினா. மேய்ச்சல் நிலம் இத்தனை மாடுகளைத் தாங்கும் என்று கணக்கிடுவது போல, ஒரு காடு இத்தனை மனிதரைத் தாங்கும் என்று கணக்கிடலாமோ என ஆலன் வேகர் என்பவர் ஆராய்ந்து 1964-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆராய்ச்சியின் இடையில் அவர் கண்டது, இது மண்ணின் கணக்கு மட்டும் அன்று என்பதே. தனிமையை நாடி வருவோனுக்குப் பத்துப் பேரே கூட்டம். திருவிழாவை நாடி வருவோனுக்கு ஆயிரம் பேரும் போதாது. 1985-இல் அந்நாட்டு வனத்துறை ஆராய்ச்சியாளர் சிலர், 'எத்தனை பேர்' என்ற வினாவையே விடுத்து, 'எவ்வளவு மாற்றத்தை நாம் பொறுத்துக்கொள்வோம்' என்ற வினாவை அதனிடத்தில் வைத்தனர். யூட்டா மாநிலத்துச் சையான் பூங்காவில் 2000-ஆம் ஆண்டில் நெரிசல் மிகுந்த காலங்களிற் சொந்த மோட்டார்களைப் பள்ளத்தாக்கினுள் விடாது பேருந்துகளை ஓட்டத் தொடங்கினர். வண்டி நெருக்கடி தணிந்தது. மக்கள் நெருக்கடி தணியவில்லை. 2021-இல் அங்கு வந்தோர் 50 இலட்சத்துக்கு மேற்பட்டனர். அங்குள்ள ஏஞ்சல்ஸ் லேண்டிங் என்னும் குன்றிற் சங்கிலியைப் பற்றி ஏறுதற்கு 2022 ஏப்ரல் முதற் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு வழங்குகின்றனர். குலுக்கல் நேர்மையானதோ, முன்வந்தார்க்கு முதலிடம் என்பது நேர்மையானதோ, கட்டணத்தை உயர்த்துதல் ஏழையை விலக்குவதாகாதோ என்பன அத்துறை வகுப்புகளில் வாதிக்கப்படும் பொருள்கள். எம் மாமாவுக்கு இப்போது விடை கிடைத்திருக்கும் என நம்புகின்றோம்.

இனி, விண்ணப்பிக்கும் முறைக்கு வருவோம்.

இக்கல்வி எல்லா இடங்களிலும் ஒரு கூரையின் கீழ் இல்லை என்பதை அறிதல் வேண்டும். வட கரோலினா மாநிலப் பல்கலைக் கழகத்தில் அது இயற்கை வளக் கல்லூரியைச் சேர்ந்தது. யூட்டாப் பல்கலைக் கழகத்தில் உடல்நலக் கல்லூரியைச் சேர்ந்தது. தென் கரோலினாவிலுள்ள கிளெம்சனிலோ மனித நடத்தையையும் சமூகத்தையும் உடல்நலத்தையும் ஆராயும் கல்லூரியின் கீழ் உள்ளது. ஆயினும் அப்பல்கலைக் கழகத்தைச் சூழ்ந்து அதற்கே உரிய 17,000 ஏக்கருக்கு மேற்பட்ட ஆராய்ச்சிக் காடு ஒன்றும் உண்டு. பெயர் ஒன்றேயாயினும் பெயருக்குரிய வீடு வேறு. காட்டை நோக்குவோரும், நோயாளியின் ஓய்வை நோக்குவோரும், ஊர் மக்களின் பிழைப்பை நோக்குவோரும் ஒரே பெயருடைய துறைகளில் இருக்கின்றனர். பல்கலைக் கழகத்தின் புகழை மட்டும் நோக்கி விண்ணப்பிப்பவர் வேறொருவர் வீட்டுக் கதவைத் தட்டியவராவர்.

ஆகவே முதலில் தேட வேண்டியது ஆசிரியரை. பட்டம் இருவகைப்படும். ஆய்வேடு எழுதிப் பெறுவது ஒன்று. அஃதின்றித் தொழிற்பயிற்சியால் பெறுவது மற்றொன்று. ஆய்வேட்டு வழியை நாடுவோர், தம் வினாவோடு ஒத்த வினாவை ஆராயும் பேராசிரியர் ஒருவரைக் கண்டு, அவர் எழுதிய கட்டுரை ஒன்றிரண்டையேனும் படித்து, புதிய மாணவரை ஏற்கும் எண்ணம் அவர்க்கு உண்டோ எனச் சுருக்கமான மின்னஞ்சல் எழுதிக் கேட்டல் நலம். படியாமல் எழுதும் புகழுரையை அவர்கள் முதல் வரியிலேயே கண்டுகொள்வர்.

விண்ணப்பத்தின் உயிர்நிலை, 'எக்காரணம் பற்றி இதனைப் பயில விழைகின்றேன்' என்று எழுதும் நோக்க உரையே. இதனைப் பற்றிச் சிறிது விரித்துரைக்க வேண்டும். யாம் இடறியது இவ்விடத்திலேதான். தமிழ் ஆனர்சு மாணவர்க்குக் கட்டுரை எழுதக் கற்பிக்க வேண்டுமோ என்ற இறுமாப்போடு ஓரிரவில் எழுதி முடித்தோம். குறிஞ்சியின் அழகு, அருவியின் ஒலி, குழவிப் பருவந்தொட்டு இயற்கைமேல் எமக்குள்ள காதல் எல்லாம் அதில் இருந்தன. தாவரவியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் படித்துவிட்டு, "எந்த மலை? எந்த வழி? அங்கே யாருக்கு என்ன குறை?" என்று மூன்று வினாக்களை ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். ஒன்றுக்கும் எம் உரையில் விடை இல்லை.

விடை எம் வீட்டிலேயே இருந்தது. கொடைக்கானல் மலைச்சாலையில் எம் தந்தையார் பழக்கடை வைத்திருக்கின்றார். ஏப்ரலிலும் மே மாதத்திலும் மேலேறும் மோட்டார்கள் நின்று நின்று செல்வதாலேதான் எங்கள் பிளம்சும் பேரிக்காயும் விலைபோகும். எம் கல்லூரிச் சம்பளமும் அவ்வாறு வந்ததே. 2023-ஆம் ஆண்டு மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மூச்சுத் திணறிய எம் பாட்டியாரை மலையினின்று கீழே மருத்துவமனைக்குக் கொண்டு சென்ற வண்டி அதே மோட்டார் வரிசையிற் சிக்கி நின்றது. அவர் பிழைத்தார்; ஆயினும் அன்று எம் தந்தையார் கடைவாயிலில் நின்று, தம் பிழைப்பைத் தரும் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்த முகத்தை யாம் மறந்திலோம். அடுத்த ஆண்டு, 2024 மே 7 முதல், நீதிமன்ற ஆணைப்படி உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகட்கு மின்-அனுமதிச் சீட்டு வந்தது. அம்மலைகள் எத்தனை வண்டிகளைத் தாங்கும் என ஆராயும் பணி சென்னை ஐ.ஐ.டி.க்கும் பெங்களூர் ஐ.ஐ.எம்.முக்கும் அளிக்கப்பட்டது. வேகர் 1964-இற் கேட்ட வினா எங்கள் கடைவாயிலுக்கு வந்துவிட்டது. ஓர் எல்லை வகுக்கப்படுமாயின் அதன் நன்மை எவர்க்கு, இழப்பு எவர்க்கு, சாலையோரத்துச் சிறு கடைக்காரனை எல்லை வகுப்போர் எண்ணிக்கையில் எங்ஙனம் சேர்ப்பது என்பதே எம் வினா. இரண்டாம் படியை இதுகொண்டு எழுதினோம். முதற்படியிற் பாதி நீளந்தான் வந்தது.

தமிழ் பயின்றார்க்கு இத்துறை இடந்தருமோ என்று கேட்பார் உளர். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அங்கு வாழ்வன கருப்பொருள் என்றும், மக்கள் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் பிரித்து, மூன்றனையும் ஒருங்கே வைத்துப் பார்க்கக் கற்றவர் நாம். இத்துறையினர் செய்வதும் ஏறக்குறைய அதுவே. வேற்றுத் துறைப் பட்டதாரிகளை ஏற்கும் பல்கலைக் கழகங்களும் உள. ஆனால் ஒரு குறையை மறைத்தல் ஆகாது. வந்தோரை வினாவி விடைகளைத் தொகுத்து எண்களால் ஆராய்வது இத்துறையின் அன்றாட வேலை. புள்ளியியல் அறியாமற் சென்றால் முதற் பருவத்திலேயே திணறுவோம். எனவே யாம் இவ்வாண்டு பொருளியல் மாணவரோடு புள்ளியியல் வகுப்பில் அமர்கின்றோம். அவர்கள் எம்மைக் கண்டு நகைக்கின்றனர், நகைக்கட்டும்.

நற்சான்றுக் கடிதங்கள் பெரும்பாலும் மூன்று வேண்டும். நம் நாட்டு வழக்கப்படி, 'இவர் நன்னடத்தையுடையவர், என் அறிவுக்கெட்டியவரை குற்றம் அற்றவர்' என்று எழுதித் தருவது அங்கே பயன்படாது. மாணவர் செய்த வேலை இன்னது, அதில் அவர் கண்டது இன்னது என்று ஆசிரியர் எழுத வேண்டும். ஆதலால் அவர் எழுதுதற்கு ஏதேனும் வேலையை முன்னரே அவர் கண்காணச் செய்திருத்தல் வேண்டும். நம் மூன்றாண்டு இளங்கலைப் பட்டத்தைச் சில பல்கலைக் கழகங்கள் ஏற்கும். சில நான்காம் ஆண்டையோ முதுகலையையோ கேட்கும். இதனை எழுதிக் கேட்டறிந்த பின்னரே கட்டணம் செலுத்துக. செலுத்தியது திரும்பி வாராது. ஆங்கிலத் தேர்வு உண்டு. ஜி.ஆர்.ஈ. தேர்வைக் கேளாத துறைகள் இப்போது பல.

பணத்தைப் பற்றி நேரே சொல்லுதல் நலம். எங்கள் வீட்டில் அடகு வைக்க இருப்பது கடை ஒன்றே. அதனை வைக்க யாம் உடன்படோம். ஆகவே உதவி ஆசிரியப் பணியோ ஆராய்ச்சி உதவிப் பணியோ கிடைத்தாலன்றிச் செல்வதில்லை என்று உறுதி கொண்டுள்ளோம். அப்பணி பெற்றோர்க்குப் படிப்புச் சம்பளம் முழுவதுமோ பெரும்பகுதியோ தள்ளப்பட்டு, மாதந்தோறும் ஒரு தொகையும் கிடைக்கும். வேற்றுநாட்டு மாணவர் பருவகாலத்திற் கல்லூரி வளாகத்துள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தல் கூடாதென்பது சட்டம். இவ்விடங்கள் சில என்பதால், இறுதி நாளுக்கு மிக முன்னரே விண்ணப்பித்தல் வேண்டும். உதவி அளிப்பதாகக் கடிதம் வந்தால் உடனே விடை எழுத நடுங்க வேண்டியதில்லை. அந்நாட்டுப் பட்டமேற்படிப்புக் கழகத்தின் தீர்மானத்தில் ஒப்பமிட்ட பல்கலைக் கழகங்கள், ஏப்ரல் 15-ஆம் நாளுக்கு முன் விடை கூறுமாறு மாணவரை வற்புறுத்துவதில்லை. வேறு இடங்களின் கடிதங்களையும் ஒப்பு நோக்கி முடிவு செய்ய அது வாய்ப்பளிக்கும்.

நோக்க உரையின் மூன்றாம் படியைச் சென்ற மாதம் முடித்தோம். எம் தந்தையார்க்கு ஆங்கிலம் தெரியாது. ஆதலால் கடையில் உட்கார்ந்து வரி வரியாகத் தமிழிற் சொல்லிக் காட்டினோம். பாட்டியாரின் வண்டி நான்கு மணி நேரம் நின்றது என்று எழுதியிருந்தோம். "நாலு இல்லை, அஞ்சு" என்றார். திருத்திக்கொண்டோம்.